மணி அடித்தால் யார் வருவார்? – திருட்டு அலாரத்தின் வரலாறு

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஏப்ரல், மே வந்தாலே ஒரு கவலை. டிக்கெட் எடுத்தாச்சு, பெட்டி கட்டியாச்சு. மூன்று வாரம் பூட்டிக் கிடக்கப்போகும் வீட்டை யார் பார்த்துக்கொள்வது? பூட்டு கதவைக் காக்கும். ஆனால் அதை உடைத்தால் யாரிடமும் போய்ச் சொல்லாது. அப்படிச் சொல்லக்கூடிய ஒன்றைத் தேடிய கதைதான் திருட்டு அலாரத்தின் வரலாறு.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாமர்வில் ஊரில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்றொரு பாதிரியார் இருந்தார். மின்காந்தத்தால் இயங்கும் திருட்டு மணிக்கு 1853 ஜூன் 21 அன்று அவர் காப்புரிமை பெற்றார். வீடுகளுக்கு மின்சாரம் வராத காலம் அது. நியூயார்க்கில் எடிசனின் மின்நிலையமே 1882-இல்தான் வந்தது. எனவே போப்பின் மணி பேட்டரியில் ஓடியது. கதவும் ஜன்னலும் மூடியிருக்கும்வரை கம்பியில் மின்னோட்டம் இல்லை. திறந்தால் இரு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும், மின்காந்தம் சுத்தியலை இழுக்கும், மணி அடிக்கும்.

இந்த உரிமையை 1857-இல் எட்வின் ஹோம்ஸ் என்ற வியாபாரி விலைக்கு வாங்கி, 1859-இல் நியூயார்க்கில் கடை விரித்தார். தொழில் வளர வளர ஒரு சிக்கல் தெரிந்தது. வீட்டுக்குள் மணி அடித்தால் வீட்டில் இருப்பவர்தானே எழுந்து வருவார்? ஆளே இல்லாத வீட்டில், இரவில் பூட்டிய கடையில், அடித்து என்ன பிரயோஜனம்? ஆகவே பல கட்டடங்களின் கம்பிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே ஆளை உட்காரவைத்தார். அதுவே மையக் காவல் நிலையம்.

இதனால் வேறொரு பலனும் விளைந்தது. 1877-இல் பாஸ்டனில் ஹோம்ஸின் மகன் இதே கம்பிகளில் கிரகாம் பெல்லின் தொலைபேசிகளை இணைத்துப் பார்த்தார். பகலில் பேச்சு, இரவில் காவல். தொலைபேசி இணைப்பகத்தின் தொடக்கங்களில் ஒன்று திருட்டு மணிக் கம்பியில்தான் இருக்கிறது!

போப்பின் முறையில் ஒரு குறை உண்டு. திருடன் கம்பியை வெட்டிவிட்டால் மணி ஊமை. இதற்கு மாற்றாக வந்தது மூடிய சுற்று. இதில் சிறு மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தாலும் சரி, கம்பியை வெட்டினாலும் சரி, ஓட்டம் நின்றதுமே அலாரம் அலறும். 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வால்டர் எல்வுட் உருவாக்கிய ரீட் சுவிட்ச் இதற்குக் கைகொடுத்தது. கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவில் ஒரு காந்தம். காந்தம் அருகில் இருக்கும்வரை தகடுகள் ஒட்டியிருக்கும், விலகினால் பிரியும். இன்று நம் கதவு நிலையில் ஒட்டும் சின்ன வெள்ளைப் பெட்டிகள் பலவற்றிலும் இருப்பது இதுதான். மூலையில் மாட்டும் சென்சாரோ உடல் வெப்பம் அறைக்குள் நகர்வதை உணரும். ஜன்னல் வழியே விழும் வெயிலும் பூனையும் சில சமயம் அதை ஏமாற்றிவிடும்.

நியூயார்க் குவீன்ஸில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுனும் நினைக்கப்பட வேண்டியவர். வேலை நேரம் தாறுமாறு. பல வேளை வீட்டில் தனிமை. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969-இல் கிடைத்தது. வாசலில் நிற்பவரைக் காட்டும் கேமரா, உள்ளே டி.வி. திரை, பேச மைக், அவசரத்துக்கு உதவி கேட்கும் பொத்தான் எல்லாம் அதில் இருந்தன.

கருவி எத்தனை மாறினாலும் இந்த வரலாறு ஒன்றையே சொல்கிறது: கம்பியின் மறுமுனையில் ஒரு மனிதர் வேண்டும். இன்றைய அலாரம் நம் செல்போனுக்கே செய்தி அனுப்பும். ஆனால் நாம் மதுரையில் இருக்க, வீடு நாக்பூரில் இருந்தால் பார்த்து என்ன செய்வது? ஆகவே ஊருக்குக் கிளம்புமுன் பக்கத்து வீட்டாரின் எண்ணையும் அதில் சேருங்கள், பேட்டரியைச் சோதியுங்கள். காரணமில்லாமல் அடிக்கும் சென்சாரை உடனே சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் 'புலி வருது' கதையாகி, நிஜமாக அடிக்கும்போது ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பாஷை தெரியாத ஊரில் அண்டை வீட்டாரோடு பழகிவைப்பதும் காவலில் சேர்ந்ததே.