லெனின்கிராட் முற்றுகைக் காலத்தில் நகர்த்தோட்டங்களும் விதைக் காப்பும் (1941–1944)

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது 872 நாள்கள் நீடித்த லெனின்கிராட் முற்றுகையில், அந்நகரின் பயிர்த்தொழில் ஆய்வுக் கழகத்து ஊழியர்கள் பசியால் மடிந்தபோதும் தம் பொறுப்பிலிருந்த விதைகளை உண்ணாது காத்தனர். இந்நிகழ்வு பெரும்பாலும் தனிமனிதத் தியாகமாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அதே நகரில் மக்கள் சதுக்கங்களையும் பூங்காக்களையும் கொத்தி அமைத்த கூட்டுத் தோட்டங்களின் வரலாறோ தனியே பேசப்படுகிறது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்கும் இக்கட்டுரை, விதைக் காப்பு என்பது பூட்டிய அறைக்குள் நிகழும் செயலன்று, இலையுதிர் கால அறுவடையில் தொடங்கி அடுத்த விதைப்பில் நிறைவுறும் பருவச் சுழற்சி என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: லெனின்கிராட், வவிலோவ், விதைத் தொகுப்பு, நகர்த்தோட்டம், உருளைக்கிழங்கு, இலையுதிர் காலம்

முன்னுரை

உழவரின் ஆண்டுக் கணக்கில் அறுவடை என்பது இரு கூறுகளை உடையது. ஒன்று உண்பதற்கு உரியது. மற்றொன்று விதைப்பதற்கு உரியது. விளைந்ததை இவ்வாறு பகுத்து வைக்கும் காலமாக வடபுல நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான இலையுதிர் காலம் அமைகிறது. விளைச்சல் மிகுந்த ஆண்டில் இப்பகுப்பு எளிது. பஞ்சத்தில் அதுவே வாழ்வா சாவா என்னும் வினாவாகிறது. விதைநெல்லைக் குற்றி உண்ணும் நிலையைக் குடும்பத்தின் இறுதி வீழ்ச்சியாக உழவர் கருதுவதன் காரணமும் இதுவே.

இவ்வினாவை ஒரு பெருநகரம் முழுவதும் எதிர்கொண்ட நிகழ்வுக்கு 1941-ஆம் ஆண்டின் லெனின்கிராட் தக்க சான்றாகும். இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என வழங்கும் அந்நகரில் உலகின் மிகப் பெரிய பயிர் விதைத் தொகுப்புகளுள் ஒன்று இருந்தது. அதனைச் சூழ்ந்து இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் உணவின்றி இருந்தனர்.

1. தொகுப்பின் தோற்றம்

லெனின்கிராட் பயிர்த்தொழில் ஆய்வுக் கழகம் 1894-இல் நிறுவப்பட்ட பயன்பாட்டுத் தாவரவியல் அலுவலகத்தின் வழிவந்தது. 1920-களின் தொடக்கத்தில் நிக்கோலாய் வவிலோவ் (1887–1943) இதன் தலைமையை ஏற்றார். பயிர்கள் முதன்முதலில் தோன்றிப் பல்கிய நிலப்பகுதிகளை இனங்காண்பதும், அங்குள்ள நாட்டு வகைகளையும் காட்டு உறவினங்களையும் திரட்டுவதும் அவரது திட்டம். அவர் வகுத்த பயிர்த் தோற்ற மையங்களுள் இந்தியாவும் ஒன்று. ஆப்கானித்தான், எத்தியோப்பியா, நடுநிலக்கடல் நாடுகள், அமெரிக்கக் கண்டங்கள் முதலிய இடங்களிலிருந்து விதைகள் வந்து சேர்ந்தன. 1920-களில் புக்காசோவ், யூசெப்சுக் ஆகியோர் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த உருளைக்கிழங்கு இனங்கள் இத்தொகுப்பின் தனிச்சிறப்பு. போர் தொடங்கும் தறுவாயில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மாதிரிகள் கழகத்தில் இருந்தன.

ஆயினும் அவற்றைத் திரட்டியவர் அங்கு இல்லை. மரபியலை மறுத்த திரோஃபிம் லைசென்கோவின் செல்வாக்கு வளர்ந்த சூழலில், 1940 ஆகஸ்ட் 6 அன்று உக்ரேனில் களப்பணியின்போது வவிலோவ் கைது செய்யப்பட்டார். 1941 சூலையில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அது பின்னர் 20 ஆண்டுச் சிறைத் தண்டனையாக மாற்றப்பட்டது. இவ்வாறு, அரசால் பகைவர் என முத்திரை குத்தப்பட்ட ஒருவரின் வாழ்நாள் உழைப்பைக் காக்கும் பொறுப்பு அவருடைய உடனுழைப்பாளரிடம் வந்து சேர்ந்தது.

2. 1941-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம்

1941 சூன் 22 அன்று செருமானியப் படைகள் சோவியத்து ஒன்றியத்தின்மீது படையெடுத்தன. எர்மிதாஷ் அருங்காட்சியகத்தின் கலைச்செல்வங்கள் சூலைத் திங்களில் இரண்டு தொடர்வண்டிகளில் உரால் பகுதிக்கு அனுப்பப்பட்டன. விதைத் தொகுப்போ பெரும்பாலும் நகரிலேயே தங்கிவிட்டது. செப்டம்பர் 8 அன்று நிலவழித் தொடர்பு முற்றாக அறுந்தது. அதே நாளில் குண்டுவீச்சினால் பதாயெவ் உணவுக் கிடங்குகள் எரிந்தன.

முற்றுகை தொடங்கிய காலம் அறுவடைக் காலமாகவும் இருந்தது என்பது கருதத்தக்கது. நகருக்குத் தெற்கே பாவ்லோவ்ஸ்கில் 1926 முதல் இயங்கிய ஆய்வு நிலையத்தின் வயல்களில் உருளைக்கிழங்குத் தொகுப்பு தோண்டப்படாமல் இருந்தது. தானிய விதையைப் போன்று உருளைக்கிழங்கை ஆண்டுக்கணக்கில் உலர வைத்துக் காக்க இயலாது. வகையின் இயல்பு மாறாதிருக்க வேண்டுமெனில், கிழங்கையே ஒவ்வோர் ஆண்டும் நட்டு, ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தோண்டி, உறையாமலும் முளைவிடாமலும் குளிர்காலம் முழுவதும் பேண வேண்டும். ஓராண்டு தவறினாலும் அவ்வகை அழியும். ஆகவே ஆய்வாளர்களான ஆபிரகாம் கமெராசும் ஓல்கா வஸ்கிரிசென்ஸ்கயாவும் பீரங்கித் தாக்குதலுக்கிடையே கிழங்குகளைத் தோண்டி நகருக்குக் கொணர்ந்தனர். செப்டம்பர் நடுவில் பாவ்லோவ்ஸ்க் செருமானியர் வசமாயிற்று.

அதே வாரங்களில் நகர மக்களும் புறநகர் வயல்களுக்குச் சென்றனர். முட்டைக்கோசு அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சிய வெளியிலைகளையும் தண்டுகளையும் பொறுக்கினர். 'க்ரியாபா' எனப்பட்ட இவ்விலைகள், வழக்கமான ஆண்டுகளில் கால்நடைத் தீவனமாகக் கழிக்கப்பட்டவை. அவற்றை உப்பிட்டு வைத்தவர்கள் குளிர்காலத்தில் சிறிது காலமேனும் தாக்குப்பிடித்தனர். ஒரே பருவத்தில், ஒரே மண்ணில், ஒரு சாரார் அடுத்த ஆண்டிற்கான கிழங்கையும் மறு சாரார் அடுத்த வேளைக்கான இலையையும் சேகரித்தனர்.

3. விதையறையும் பசியும்

நவம்பர் 20 அன்று ரொட்டிப் பங்கீடு தாழ்ந்த அளவை எட்டியது. தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 250 கிராம். அலுவலர், சிறுவர், சார்ந்திருப்போர் ஆகியோர்க்கு 125 கிராம். அந்த ரொட்டியிலும் மாவல்லாத கலப்புப் பொருள்கள் மிகுந்திருந்தன. வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 30 பாகையை ஒட்டி இறங்கியது. மின்சாரமும் குழாய்நீரும் நின்றன.

ஐசக் தேவாலயச் சதுக்கத்தை ஒட்டிய கழகக் கட்டடத்தில் ஊழியர்கள் முறைவைத்துக் காவல் புரிந்தனர். சன்னல்கள் அடைக்கப்பட்டன. பசித்த எலிகள் விதைப்பொட்டலங்களைத் தாக்கியமையால் விதைகள் தகரப் பெட்டிகளுக்கு மாற்றப்பட்டன. விதையறைக்குள் எவரும் தனித்து இருத்தலாகாது என்னும் கட்டுப்பாடும் இருந்தது. காவலர்கள் தம்மையும் மனிதராகவே எண்ணினர் என்பதற்கு இவ்விதி சான்றாகும். மன உறுதியை மட்டும் நம்பாமல், அதற்குத் துணையாக ஓர் ஒழுங்குமுறையையும் அவர்கள் ஏற்படுத்திக்கொண்டனர். கிழங்குகள் நிலவறையில் வைக்கப்பட்டன. வஸ்கிரிசென்ஸ்கயாவின் கணவர் வதீம் லெக்னோவிச் கிடைத்த விறகையும் மரத்துண்டுகளையும் எரித்து அவ்வறையை உறையாது காத்தார்.

நிலக்கடலைத் தொகுப்பின் பொறுப்பாளர் ஷ்சூகின் தம் மேசையிலேயே உயிர் துறந்தார். நெல் தொகுப்பின் பொறுப்பாளர் இவனோவ் இறந்தபோது ஆயிரக்கணக்கான நெற்பொட்டலங்கள் அவர் காவலில் குறையாது இருந்தன. ஓட்ஸ் தொகுப்பைக் காத்த ரோதினாவும் மூலிகைப் பிரிவின் கிரியெரும் மாண்டனர். இறந்தோர் ஒன்பதின்மர் எனப் பல நூல்கள் குறிக்கின்றன. அதனினும் மிகுதி எனப் பிற்கால ஆய்வு காட்டுகிறது. தொகுப்பின் ஒரு பகுதி லதோகா ஏரியின் உறைபனிச் சாலை வழியாக உராலின் கிராஸ்னொவுஃபிம்ஸ்க் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது.

4. 1942: நகர்த்தோட்டங்கள்

அக்குளிர்காலப் பேரிழப்பிற்குப் பின், 1942 மார்ச்சு 19 அன்று நகர நிருவாகக் குழு, உழைக்கும் மக்களின் சொந்தத் தேவைக்கான காய்கறித் தோட்டங்கள், அவற்றின் கூட்டமைப்புகள் ஆகியவை குறித்த விதிகளை வெளியிட்டது. பூங்காக்களும் சதுக்கங்களும் வெற்று மனைகளும் பாத்திகளாயின. கோடைப் பூங்காவிலும் மார்ஸ் திடலிலும் காய்கறி விளைந்தது. ஐசக் தேவாலயத்தின் முன்னே முட்டைக்கோசு வரிசைகள் நிற்கும் ஒளிப்படங்கள் முற்றுகையின் அடையாளங்களுள் ஒன்றாக நிலைத்துவிட்டன. 600-க்கும் மேற்பட்ட துணைப் பண்ணைகளும் 1,400-க்கும் மேற்பட்ட தோட்டக்காரர் கூட்டமைப்புகளும் அவ்வாண்டு இயங்கின.

இத்தோட்டங்களுக்கு அறிவுத்துணை தேவைப்பட்டது. நகரத்தாருள் பலர் மண்வெட்டி பிடித்தறியாதவர். தாவரவியல் பூங்காவில் காய்கறி நாற்றுகள் வளர்க்கப்பட்டன. உண்ணத்தக்க காட்டுச்செடிகள் பற்றிய கையேடு வெளியிடப்பட்டது. கழக ஆய்வாளர்கள் காய்கறி, உருளைக்கிழங்கு வளர்ப்புக் குறித்து மக்களுக்கு அறிவுரை வழங்கினர். அவர்கள் குளிர்காலம் முழுவதும் காத்த கிழங்குகளும் அந்த வேனிலில் முற்றுகை வளையத்துக்குள்ளேயே நடப்பட்டன.

1942 இலையுதிர் கால அறுவடை முந்தைய ஆண்டினின்றும் பெரிதும் வேறுபட்டிருந்தது. இறப்பு குறைந்தமைக்குத் தோட்டங்களே முதற்காரணம் எனல் மிகையாகும். இலட்சக்கணக்கானோர் இறந்தும் வெளியேற்றப்பட்டும் நகரின் மக்கள்தொகை சுருங்கியிருந்தது. ஏரிவழி உணவு வரத்தும் சீர்பட்டிருந்தது. எனினும் முதற்குளிர்காலத்தில் ஊசியிலைச் சாறு பருகித் தடுக்க வேண்டியிருந்த ஸ்கர்வி நோய்க்குக் காய்கறி தக்க மாற்றாயிற்று.

5. தோட்ட விதையும் தொகுப்பு விதையும்

தோட்டம் அமைத்தவுடன் விதையும் தானே கிடைக்கும் என எண்ணலாகாது. முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட் முதலியன ஈராண்டுப் பயிர்கள். முதல் இலையுதிர் காலத்தில் அவை உணவை மட்டுமே தரும். விதை வேண்டின், நல்ல செடிகளை வேரோடு எடுத்து, உறையாத இடத்தில் வைத்து, மறு வேனிலில் மீண்டும் நட்டு, பூத்துக் காய்க்கும்வரை காத்திருத்தல் வேண்டும். பசித்தவர் தம் விளைச்சலில் சிறந்ததை உண்ணாது ஓராண்டு ஒதுக்கினால்தான் விதை உண்டாகும். நகர்த்தோட்டக்காரர் எதிர்கொண்ட இச்சிக்கலும் விதையறைக் காவலர் எதிர்கொண்ட சிக்கலும் அளவால் வேறுபட்டவை, தன்மையால் ஒன்றே.

உருளைக்கிழங்கிற்கு இதனினும் எளிய வழி ஒன்று போர்க்காலத்தில் நாடெங்கும் பரப்பப்பட்டது. கிழங்கின் பெரும்பகுதியை உணவிற்கு எடுத்துக்கொண்டு, கண்கள் மிகுந்த மேல்நுனியை மட்டும் வெட்டிச் சேமித்து நடுதல் என்பதே அது. உண்ணலும் விதைத்தலும் ஒரே கிழங்கில் பங்கிடப்பட்டன. இம்முறையை முனைந்து பரப்பியவர் வவிலோவின் வீழ்ச்சிக்குக் காரணமானவருள் முதன்மையான லைசென்கோ என்பது வரலாற்று முரண். பசி நீக்கத்திற்கு இம்முறை உதவியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இருக்கும் வகையை அது பெருக்குமேயன்றி, புதிய நோய்களை எதிர்க்கும் இயல்புகளைத் தேடித் தராது. அத்தேடலுக்குத் தொகுப்பின் பன்மை இன்றியமையாதது.

6. உண்ணாமை குறித்த வினா

மக்கள் மடியும்போது விதையைப் பூட்டி வைத்தது அறமா என்னும் வினா எழுவது இயல்பு. தொகுப்பில் சில தொன் உண்ணத்தக்க விதைகள் இருந்தன என்பர். அதனைப் பத்துத் தொன் எனக் கொண்டாலும், 25 இலட்சம் மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 4 கிராமே கிடைக்கும். நகரைக் காக்க அது போதாது. ஆனால் காவலிலிருந்த சில பத்துப் பேரை அது உறுதியாகக் காத்திருக்கும். எனவே அவர்கள் துறந்தது நகரத்தின் உணவை அன்று. தம் உயிரைக் காத்திருக்கக்கூடிய உணவையே ஆகும். தியாகம் எனும் சொல் இங்குப் பொருந்துவது இக்காரணத்தால்தான்.

அதேவேளை இத்தியாகத்தை அரசின் வெற்றியாகப் போற்றுவது பொருந்தாது. ஓவியங்களுக்குத் தொடர்வண்டி ஒதுக்கிய அரசு விதைகளுக்குக் காலத்தே வழி செய்யவில்லை. தொகுப்பை உருவாக்கிய வவிலோவ் 1943 சனவரி 26 அன்று சரதோவ் சிறையில் பசியாலும் நலிவாலும் இறந்தார். விதை காத்தவரும் விதை திரட்டியவரும் பசிக்கு இரையாயினர். முன்னவரின் பசிக்குப் பகைவரின் முற்றுகையும் பின்னவரின் பசிக்கு அவருடைய அரசும் காரணம். வவிலோவ் குற்றமற்றவர் என 1955-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர்க் கழகமும் அவர் பெயரைப் பெற்றது.

முடிவுரை

1944 சனவரி 27 அன்று முற்றுகை முழுமையாக நீங்கியது. எஞ்சிய விதைகள் மீண்டும் வயலுக்குச் சென்றன. அவ்வாறு சென்றதனாலேயே அவை காக்கப்பட்டன எனலாம். அறை வெப்பத்தில் வைக்கப்பட்ட விதை சில ஆண்டுகளில் முளைப்புத்திறனை இழக்கும். குளிரூட்டிய பெருங்கிடங்கு 1970-களில்தான் கூபானில் அமைந்தது. 2010-இல் பாவ்லோவ்ஸ்க் நிலையத்தின் நிலம் வீட்டுமனைகளுக்காக ஒதுக்கப்பட முனைந்தபோது உலகெங்குமிருந்து எதிர்ப்பு எழுந்தது. கனிச்செடிகளும் கிழங்குகளும் வயலிலேயே வாழும் தொகுப்புகள் என்பதால், நிலத்தை இழப்பது தொகுப்பையே இழப்பதாகும் என்பதே அவ்வெதிர்ப்பின் அடிப்படை.

இந்நிகழ்வுகளை ஒருங்கே நோக்கின் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, விதைக் காப்பு என்பது அறுவடை, பகுப்பு, சேமிப்பு, மறுவிதைப்பு என்னும் நான்கும் தொடர்ந்தால் மட்டுமே நிலைக்கும். இரண்டாவது, நகர்த்தோட்டமும் விதைத் தொகுப்பும் ஒன்றற்கு ஒன்று மாற்றல்ல. தோட்டம் அவ்வாண்டின் பசியைத் தணித்தது. தொகுப்பு பின்வரும் ஆண்டுகளின் பயிருக்கு அடிப்படையாயிற்று. மூன்றாவது, இவ்விரண்டும் நிலைபெற்றது பருவந்தோறும் உழைத்தவர்களின் கையால். அவர்களை வீரர்களாக மட்டும் நினைவுகூர்வது, அவர்கள் செய்த அன்றாட வேலையை மறைத்துவிடும்.