காலரில் தொங்கும் வடிதாள்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரிலேயே செங்கல் தூசி ஒட்டியிருக்கிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைத் தின்று தீர்த்தன. அதன்பின், அத்தாப்புக் கூரைகள் போய்ச் செங்கல் கட்டடங்கள் எழவேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்கான செங்கல் இங்கே வெந்தது. மண்ணிலும் மணலிலும் கல்லிலும் இருக்கும் சிலிக்கா, பொடியாகி நுரையீரலில் தங்கினால் அங்கே வடுவை உண்டாக்கும். அந்தச் சூளைத் தொழிலாளர்கள் எவ்வளவு பொடியை மூச்சில் வாங்கினார்கள் என்று அளக்க அன்று கருவி கிடையாது.

கருவிகள் பிறகு வந்தன. ஆனால் நெடுங்காலம் அவை ஓரிடத்தில் நின்றே அளந்தன. அந்தப் பழக்கத்தை மாற்றியது இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வுக்கூடம். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் ஊழியர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று அங்கே கண்டாக வேண்டியிருந்தது. ஷெர்வுட், கிரீன்ஹால் என்ற இருவரும் பேட்டரியில் ஓடும் சின்னஞ்சிறு பம்பை ஊழியரின் உடம்பிலேயே மாட்டி, வடிதாளை அவர் முகத்தருகே வைத்தார்கள். 1960-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அறையில் நின்ற கருவி காட்டியதைவிட ஆளின் மேல் இருந்தது பல மடங்கு அதிகம் காட்டியது. யோசித்தால் வியப்பில்லை. தூசி பிறப்பது அவர் கைக்கடியில்; சுவர்வரை போவதற்குள் அது கலைந்துவிடும், அவர் மூக்குக்கோ கலையாமலே போய்ச் சேரும். எனக்கு இந்தக் கருவியின் மொத்தப் பெருமையும் இதில்தான் இருக்கிறது: கட்டடத்தின் காற்றை விட்டுவிட்டு மனிதனின் காற்றை அது அளந்தது.

அந்தக் கருவியின் வழித்தோன்றல் இன்று கிள்ளான் பக்கம், சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் ஒரு பட்டறைக்கு வரும் நாளைப் பாருங்கள்.

வடிதாளின் அகலம் 37 மில்லிமீட்டர், பிவிசியில் செய்தது. காகிதமாக இருந்தால் நம்மூர் ஈரக்காற்றைக் குடித்து எடை கூடிவிடும். ஆய்வுக்கூடத்தில் மைக்ரோகிராம் காட்டும் தராசில் நிறுத்து, எண் எழுதி, கேசட் என்ற சிறு கூட்டில் அடைத்து அனுப்புகிறார்கள். காற்றே இழுக்காத வெற்று வடிதாள் ஒன்றும் கூடவே போகும். வழியில் எடை மாறியதா என்பதற்கு அதுதான் சாட்சி.

காலையில் ஹைஜீன் டெக்னீஷியன் பம்பைச் சரிபார்த்து, நிமிடத்துக்கு 1.7 லிட்டர் இழுக்கும்படி வைக்கிறார். பம்பு கல் அறுப்பவரின் இடுப்பு பெல்ட்டில், குழாய் முதுகு வழியாக, கேசட் காலரில். மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும்.

"மாஸ்க்தான் போட்டிருக்கேனே தம்பி, இது வேறயா?"

"மாஸ்க்குக்கு வெளியே இருக்கிற காத்தைத்தான் இது அளக்குதுண்ணே. அது தெரிஞ்சாத்தான் உங்க மாஸ்க் போதுமான்னு சொல்ல முடியும்."

கேசட்டுக்குக் கீழே விரல் அளவில் ஒரு சைக்ளோன் இருக்கிறது. பெயருக்கேற்ப உள்ளே காற்று சூறையாகச் சுழலும். மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும் பருந்தூசி சுவரில் மோதி அடிக் கிண்ணத்தில் விழும். நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்தூசி மட்டும், ஏறத்தாழ 4 மைக்ரான் அளவிலும் அதற்குக் கீழும் உள்ளது, மேலேறி வடிதாளில் படியும். கல் வெட்டுகிறவர் குனிந்து நிமிர்ந்துதான் ஆகவேண்டும். ஆனால் சைக்ளோன் தலைகீழானால் கிண்ணத்துத் தூசி வடிதாளில் கொட்டிவிடும்; ஒரு நாள் உழைப்பு வீண். பம்பின் இரைச்சல், இடுப்புக் கனம், வேர்வை எல்லாவற்றோடும் எட்டு மணி நேரம் அதைச் சுமக்கிறவரும் அந்த ஆய்வில் பங்காளிதான். அவருக்கு நன்றி சொல்லும் அறிக்கை எதையும் நான் பார்த்ததில்லை.

மாலையில் கணக்குப் போட்டால் வடிதாள் வழியே போன காற்று 816 லிட்டர். அமெரிக்கா 2016-இல் வகுத்த வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் சிலிக்கா. அப்படியானால் அந்த வடிதாளில் இருக்கக்கூடிய சிலிக்கா ஏறத்தாழ 0.04 மில்லிகிராம், சமையல் உப்பின் ஒரு துகளைவிடக் குறைவு. எட்டு மணி நேர வேலைக்கு அவ்வளவுதான் இடம். சமையலறை மேடைக்குப் போகும் செயற்கைக் கல் பலகைகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்கா இருப்பதுண்டு. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அவற்றைத் தடையே செய்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் மறுபடி நிறுக்கிறார்கள். பிறகு, ஒரு முறைப்படி, வடிதாளை உலையில் எரித்து, மிஞ்சிய சாம்பலில் குவார்ட்ஸ் என்ற படிகச் சிலிக்கா எவ்வளவு என்று எக்ஸ்-கதிரால் பார்க்கிறார்கள். வடிதாள் அங்கே முடிந்துபோகிறது. மிஞ்சுவது ஓர் எண். அது முதலாளியின் கோப்புக்குப் போகிறது.

மலேசியாவில் கனிமத் தூசிக்கு 1989-இலும், அபாய இரசாயனங்களுக்கு 2000-இலும் விதிமுறைகள் வந்தன. இடையில் 1994-இல் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிலிக்காத் தூசி நுரையீரலில் வடுவை உண்டாக்கும் நோயான சிலிக்கோசிஸ் வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆகவே கல், சிமெண்ட், மணல் தூசியில் நிற்கும் அண்ணன்களே, உங்கள் காலரில் அந்தக் கேசட் ஒரு நாள் தொங்கியிருந்தால், அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் மூச்சை அளந்த எண்.