திருப்பதி வருவாயும் ‘ஏகாதிபத்தியம்’ என்னும் சொல்லும்

‘இம்பீரியலிசம்’ என்பதற்குத் தமிழில் ஏகாதிபத்தியம், வல்லாதிக்கம், பேரரசுவாதம் முதலிய சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் முதலாவதே பெருவழக்கு. ஏகம், ஆதிபத்தியம் என்னும் வடசொற்களின் புணர்ப்பாகிய அது, ‘ஒருவரே கொண்ட ஆட்சியுரிமை’ என்னும் பொருளைத் தன்னகத்தே கொண்டது. ஆதலின் ஐரோப்பியர் ஆதிக்கத்தின் காரணங்களை ஆராயும் நூல்கள் தமிழாகும்போது, ஆட்சியே அதன் தொடக்கம் என்னும் கருத்தும் உடன் நுழைந்துவிடுகிறது. திருப்பதி, சித்தூர் வட்டார வரலாறு இதற்கு இசையவில்லை.

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, சந்தா சாகிபோடும் பிரெஞ்சுக்காரரோடும் நிகழ்த்திய போர்களில் ஆங்கிலக் கும்பினியின் துணையை நாடினார். அப்போர்ச் செலவினை ஈடுசெய்ய, 1750களில் திருமலைக் கோயில் வருவாய் கும்பினிக்கு ஒப்படைக்கப்பட்டது. காணிக்கை முதலியவற்றைத் தண்டும் உரிமை குத்தகைதாரரிடம் இருந்தது. கும்பினிக்கு அன்று இவ்வட்டாரத்தில் ஆட்சியுரிமை இல்லை. கடன் கொடுத்தவரின் உரிமையே இருந்தது. இவ்வொப்படைப்பை ‘மானியம்’ என மொழிபெயர்த்தால் அது கொடையாகிவிடும். ‘வருவாய் ஈடு’ என்பதே பொருந்தும். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1801 சூலை 31ஆம் நாள் உடன்படிக்கையால் கருநாடக ஆட்சி கும்பினியிடம் வந்தது. ஈடு முன்னது, ஆட்சி பின்னது.

இதனைக் கொண்டு, மிகை மூலதனமே காரணம் என்ற ஹாப்சன் (1902), லெனின் (1917) ஆகியோர் கொள்கை நிறுவப்பட்டதாகக் கொள்ளலாமா? இயலாது. அவர்கள் ஆராய்ந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து வெளியேறிய மூலதனத்தை. நவாபுக்குத் தனிமுறையில் கடன் கொடுத்தவர்களுள் பலர் சென்னையிலிருந்த கும்பினி ஊழியர்களே. அக்கடன்களை எட்மண்ட் பர்க் 1785இல் நாடாளுமன்றத்தில் கடுமையாகச் சாடினார். காலகர், ராபின்சன் (1953) ஆகியோரின் விளக்கம் சற்று நெருங்கி வருகிறது: முறைசாராச் செல்வாக்குப் போதாதபோதே நேரடி ஆட்சி மேற்கொள்ளப்படும் என்பது அவர்கள் கருத்து. ஆயினும் அவர்கள் முதன்மை தந்த தடையிலா வணிகத்துக்குத் திருமலை உண்டியலில் இடமில்லை. 1799இல் சீரங்கப்பட்டணத்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களை வெல்லெஸ்லி 1801 இணைப்புக்குக் காரணமாகக் காட்டினார். அது சாக்கு என்பதற்கு மேல் மதிக்கத்தக்கதன்று.

விளைவு பற்றிய கருத்து வேறுபாடும் இவ்விடத்தில் தெளிவாகிறது. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காட்டு மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் கோயில் இருந்தது. 1821இல் புரூஸ் விதித்தொகுப்பு கோயில் நடைமுறைகளை எழுத்தில் வரையறுத்தது. வழக்கம் காக்கப்பட்டது என்பர் ஒரு சாரார். எழுதப்பட்டதும் அது விதியாகி இறுகிற்று என்பர் மறு சாரார். பின்னதே வலுவுடையது. இந்துக் கோயில் நிருவாகத்தில் அரசு ஈடுபடுவதை இங்கிலாந்தின் கிறித்தவ சமயப்பணியாளர் எதிர்த்தமையால், 1843இல் கும்பினி விலகி, பொறுப்பை ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைத்தது. பொருளியல் விளக்கம் மட்டும் கொண்டு இவ்விலகலை விளக்க இயலாது.

‘கலோனியலிசம்’ என்பதற்குச் சிலர் ஆளும் ‘குடியேற்றவாதம்’ என்னும் சொல்லும் இங்குப் பொருந்தாது. திருமலையில் ஐரோப்பியர் எவரும் குடியேறவில்லை. கணக்குகளே சித்தூருக்குச் சென்றன.