வேலிக்காத்தானும் வேலி காத்தவர்களும்

போன மாதம் மானாம்பதியில் எங்கள் கொல்லைக்கு வேலி போட என் தம்பி மகன் ஓர் ஆளைக் கூட்டி வந்தான். வந்தவர் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டிடலாமா, செயின்லிங்க் போடலாமா, இல்ல சிலாப் காம்பவுண்டே வெச்சிடலாமா?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிக்கு இவ்வளவு என்று கணக்கும் சொன்னார். அவர் போன பிறகு தம்பி மகன் என்னைப் பார்த்து, "பெரியப்பா, இங்க முன்ன எல்லாம் என்ன வேலி இருந்தது?" என்றான். ஒரு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். தமிழில் அடைப்புக்கும் வேலி என்று பெயர், நில அளவுக்கும் வேலி என்று பெயர். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். நம் செங்கல்பட்டுச் சீமையில் காணிக் கணக்குதான் வழக்கம். 24 மனை ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். ஆனால் வேலிக் கணக்கும் நமக்கு அந்நியம் இல்லை. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை எல்லோரும் அறிவோம். சபை உறுப்பினர் ஆக வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வைத்திருந்தார்கள். எல்லை தெரிந்த நிலம் உள்ளவனுக்கே ஊர்ப் பொறுப்பு என்பது ஏற்பாடு. அந்த வாரியங்களும் ஆண்டுக்கு ஒரு முறை மாறின. எதையும் ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடுகிற வழக்கம் அன்று இல்லை.

நான் சிறுவனாகப் பார்த்த வேலியும் அப்படித்தான், வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டிய வேலி. சம்பா அறுவடை முடிந்து தை கடைசியில் அப்பா பக்கத்துக் கொல்லைக்காரரைக் கூப்பிட்டு அனுப்புவார். அவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். இருவரும் ஆளுக்கு ஓர் அரிவாளோடு எல்லையில் ஒரு முனையிலிருந்து இறங்குவார்கள். ஒதியன் போத்தும் கிளுவைப் போத்தும் வெட்டி இடைவெளியில் ஊன்றுவார்கள். ஈரம் இருந்தால் அது துளிர்த்துத் தானே காலாகிவிடும். நடுவில் நொச்சி, ஆடாதோடை, காட்டாமணக்கு. ஆடு மாடு தொடாத செடியாகப் பார்த்து வைத்தார்கள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. முள்ளுக்கு இலந்தையும் களாவும் சங்கஞ்செடியும். சந்து விழுந்த இடத்தில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, பனை நாரால் இழுத்துக் கட்டுவார்கள்.

அந்த வேலியில்தான் எங்கள் வீட்டு வைத்தியமும் பாதிச் சமையலும் இருந்தன. கோவை, பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான் எல்லாம் அதன்மேல் படர்ந்தவை. குழந்தைக்குச் சளி கட்டினால் அம்மா தேடிப் போகிற வேலிப்பருத்தி, தன் பெயரிலேயே வேலியை வைத்திருக்கிறது.

வேலை முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இரண்டு மூன்று நாளில் எல்லைக் கல் எங்கே இருக்கிறது, எந்த மரம் யாருடையது, வாய்க்கால் யார் பக்கம் என்று எல்லாம் பேச்சோடு பேச்சாக உறுதியாகிவிடும். கர்ணத்தின் சங்கிலி வர வேண்டிய தேவையே இருந்ததில்லை. மேற்கு மூலையில் மட்டும் ஓர் ஆள், ஒரு மாடு போகிற அளவு கடவு விட்டு, மூங்கில் படல் சாத்தி வைப்பார்கள். மாமா வீட்டு மாடுகள் ஏரிக்குத் தண்ணீர் காட்டப் போகிற வழி அது.

வேலி தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டமும் இருந்தது. கால்நடை அத்துமீறல் சட்டம் 1871-ல் வந்தது. பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பார்கள். தண்டமும் தீனிச் செலவும் கட்டி மீட்க வேண்டும். பவுண்டில் மாடு இருந்தது என்றால் வீட்டுக்கு அது ஒரு மானக்கேடு.

கொங்கு நாட்டுக்காரர்கள் இந்த உயிர்வேலியை இன்னும் விடவில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் பார்க்கலாம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். காங்கேயம் மாடு வளர்ந்ததே அந்த அடைப்புக்குள்தான். யாழ்ப்பாணத்தில் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ கட்டி வேலி அடைப்பார்கள். ஓலை மட்கி விழும்; மறுபடி அடைக்க வேண்டும். கதியாலை இரவோடு இரவாக ஒரு சாண் நகர்த்தி நட்டதால் வந்த வழக்குகளும் அங்கே உண்டு. நம் ஊர் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை.

இப்போது, வேலி பயிரை மேய்ந்த கதைக்கு வருகிறேன். நம் பக்கம் அது இரண்டு தடவை நடந்தது.

முதல் தடவை சப்பாத்திக்கள்ளி. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதில் வளர்கிற கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சைதாப்பேட்டையில் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பூச்சியும் இந்தியா வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது மட்டமான வகை. எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. சாயம் போனாலும் கள்ளி இனம் நம்மிடையே தங்கியது. ஒரு மட்டையை ஒடித்துப் போட்டால் போதும், வேலி தானே எழும்பும். தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், கட்ட வேண்டாம். எவ்வளவு வசதி! ஆனால் அது எல்லையில் நிற்கவில்லை. மேய்ச்சல் நிலம், புறம்போக்கு என்று உள்ளே இறங்கிவிட்டது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து வேறு வகைக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷங்களில் தென்னாட்டில் கள்ளிக் காடுகள் உருகிப் போயின. வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் கள்ளி முழுக்கப் பூச்சி அப்பியிருந்தது என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் தடவை சீமைக்கருவேலம். 1877-ல் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் விறகுக்காக முதலில் பயிரிட்டார்கள். நம் பக்கத்தில் இதற்கு வந்த பெயரைக் கவனியுங்கள்: வேலிக்காத்தான். வேலியைக் காக்க வந்தவன் என்று நம்பித்தான் பெயர் வைத்தோம். எங்கள் கொல்லையில் அதை விதைத்தது என் அப்பாதான். அவருக்கு அப்போது முழங்கால் வலி. தையில் மூன்று நாள் குனிந்து வேலி கட்ட முடியவில்லை. மூன்று வருஷத்தில் ஆள் நுழைய முடியாத முள் சுவர் எழுந்தது. அப்பா பெருமைப்பட்டார். மாமாவையும் தையில் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கடவை மட்டும் வெட்டிச் சுத்தம் செய்யும் சாக்கில் அப்பா அவரைக் கூப்பிடுவதை விடவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். அதன் காயை மாடும் ஆடும் தின்னும். விதை சாணத்தோடு போய் விழுந்த இடமெல்லாம் முளைக்கும். ஏரி உள்வாய், வரத்துக் கால்வாய், சுடுகாடு, தரிசு என்று எல்லா இடமும் அதுதான். அதன் கீழே மற்றது முளைப்பதில்லை. ராமநாதபுரம் பக்கம் பல குடும்பங்கள் அதன் கரியை நம்பிப் பிழைக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. வேர் விட்ட இடத்தில் மறுபடி துளிர்த்தது.

வெளிநாட்டுச் செடி என்பதால் வந்த வினை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கொடுக்காப்புளியும் மெக்சிகோ பக்கத்துச் செடிதான். நம் வேலியில் நின்று, வெட்ட வெட்டத் தழைத்து, பிள்ளைகளுக்குப் பழம் கொடுத்து, நம்மோடு ஒருவராகிவிட்டது. வித்தியாசம் என்னவென்றால், கொடுக்காப்புளியை நாம் வருஷா வருஷம் வெட்டினோம். சப்பாத்தியையும் வேலிக்காத்தானையும் வெட்ட வேண்டாம் என்பதற்காகவே வைத்தோம்.

இதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணம் உண்டு. உப்பு வரி தப்பாமல் இருக்க வெள்ளையர் அரசு வட இந்தியாவின் குறுக்கே ஒரு சுங்கக் கோடு போட்டது. 1869 வாக்கில் அதன் நீளம் ஏறக்குறைய 2,300 மைல், காவலுக்கு 12,000 பேர். அதில் பல நூறு மைலுக்கு உயிர்வேலி வளர்த்தார்கள். பின்னாளில் காங்கிரஸை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் அப்போது சுங்க அதிகாரி. எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்று பார்த்து நட்டவர் அவர். செடிகளும் நமக்குத் தெரிந்தவையே: கருவேலம், இலந்தை, களா, சப்பாத்தி, கள்ளி. 1879-ல் அந்தக் கோட்டைக் கைவிட்டார்கள். பராமரிப்பு நின்றது. நூறு வருஷம் கழித்து ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் அந்த வேலியைத் தேடி வந்தபோது, பல பயணங்கள் அலைந்து ஒரு மிச்சத்தைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு சாம்ராஜ்யத்தின் வேலிக்கே கதி அதுதான். வெட்டிக் கட்டுகிற கை நின்றால் வேலியும் நின்றுவிடும்.

இனி என் கதை. 2010-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கினேன். ஏழடிக் கல்லுக்கால் நட்டு, ஐந்து வரிசை முள்கம்பி இழுத்தேன். 1874-ல் அமெரிக்காவில் ஜோசப் கிளிட்டன் என்ற விவசாயி காப்புரிமை வாங்கிய அதே முள்கம்பிதான் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. நான்கே நாளில் வேலை முடிந்தது. மேற்கு மூலைக் கடவையும் சேர்த்து அடைத்துவிட்டேன். என் பட்டா நிலம்தானே என்ற எண்ணம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மாடுகளை ரோடு சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தபோதுதான் வாய் திறந்தார். "வேலி போட்டது தப்பு இல்லப்பா. தை பொறந்தா உங்கப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். நீ கூப்பிடல, அவ்ளோதான்" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரமே மூலையில் இரண்டு கால்களைத் தள்ளி நட்டு இரும்பு கேட் வைத்தேன். சாவியை அவரிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குள் மாடுகளை விற்றுவிட்டிருந்தார். அந்த கேட்டைத் திறந்து ஒரு மாடும் ஏரிக்குப் போகவில்லை.

தம்பி மகனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வேலிக்கு முன்னால் புல வரைபடத்தை எடுத்து, பணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்துகொள். 1923-ம் வருஷத்து நில அளவைச் சட்டப்படி நட்ட கல்லைப் பிடுங்கினாலோ நகர்த்தினாலோ தண்டனை உண்டு. வாய்க்கால், வண்டிப்பாதை, ஏரிப் புறம்போக்கு பக்கம் ஓர் அங்குலமும் போகாதே. 1905-ம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டமும் 2007-ல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. இருபது வருஷம் தடையில்லாமல் உரிமையோடு நடந்த வழிக்கு 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் பாத்தியதை கொடுக்கிறது. உன் பட்டாவுக்குள் இருந்தாலும் அதை அடைக்கும் முன் யோசி. பன்றிக்குப் பயந்து கம்பியில் கரண்ட் விடுகிற வேலையே வேண்டாம். குற்றம் மட்டும் இல்லை, பாவம்.

மண்ணைப் பார். மேட்டுச் செம்மண்ணில் இரண்டடிக் குழியில் சரளை போட்டு இடித்தால் கல்லுக்கால் நிற்கும். கழனிக் களிமண் அப்படி இல்லை. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். 2015 பெருமழையில் என் கொல்லையின் கிழக்குப் பக்கத்துக் கால்கள் பூராவும் சாய்ந்தன. அங்கே குழியை ஆழப்படுத்தி, கான்கிரீட் போட்டு, மூலைக்கு முட்டுக்கால் கொடுக்க வேண்டும். சிலாப் காம்பவுண்டு வைத்தால் அடியில் தண்ணீர் போக வழி விடு. இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

எல்லாம் கேட்டுவிட்டு அவன் செயின்லிங்க்தான் என்று முடிவு செய்தான். அவன் வேலை சென்னையில். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்பக்கமாக ஒதியனும் நொச்சியும் நடலாம் என்று ஒத்துக்கொண்டான். மாமா இப்போது இல்லை. அவர் மகன் இருக்கிறார். வருகிற தையில் போத்து வெட்ட அவரைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.