வரி என்னும் அலகு: வலைப்பதிவு பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளை வந்தடைந்த வரலாறு

வலைப்பதிவைக் கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் களஞ்சியத்தில் வைத்து எழுதும் வழக்கத்துக்கு 2008 நவம்பர் 17-ஐத் தொடக்க நாளாகச் சொல்வது வாடிக்கை. கிட் களஞ்சியங்களுக்கு இடமளிக்கும் கிட்ஹப் தளத்தின் நிறுவனர்களுள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர், உரைக் கோப்புகளை வலைப்பக்கங்களாக மாற்றும் தம் ஜெக்கில் மென்பொருளை விளக்கிக் கட்டுரை வெளியிட்ட நாள் அது. வழக்கம் பரவத் தொடங்கியது அப்போதுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேரைத் தேடிப் போனால் 1970-களின் பெல் ஆய்வகத்தில் போய் நிற்கிறோம். நிரலாளர்களின் கருவியை எழுதுவோர் பிற்காலத்தில் கடன் வாங்கினார்கள் என்ற பொதுக்கருத்தும் சான்றுகளோடு ஒத்துப்போகவில்லை. உரைநடை தொடக்கம் முதலே இக்கருவிகளின் பக்கத்தில் இருந்தது. நிரலையும் உரைநடையையும் அங்கே பிணைத்த அலகு வரி. பதிவர்கள் இன்றும் படும் சிரமம் ஒன்றுக்கும் அந்த அலகே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

யூனிக்ஸை உருவாக்கியவர்கள் பிடிபி-11 கணினியை வாங்க அனுமதி கேட்டபோது, ஆவணம் தயாரிக்கும் அமைப்பு ஒன்றைச் செய்துதருவதாகவே சொன்னார்கள். 1971-இல் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவினர் அதில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கினர். நிரலுக்கும் கடிதத்துக்கும் ஒரே வகைக் கோப்பு, ஒரே திருத்தி. புதிய பயனர்களுக்காகப் பிரையன் கெர்னிகன் 1974-இல் எழுதிய கையேட்டில் ஓர் அறிவுரை உண்டு: ஆவணங்கள் பலமுறை திருத்தப்படும்; ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்குங்கள். திருத்தம் எளிதாகும் என்பதே அவர் சொன்ன காரணம். இந்த அறிவுரை நெடுங்காலம் கழித்து வலைப்பதிவர்களிடம் உயிர்பெறுகிறது.

அதே ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972-இல் எஸ்சிசிஎஸ் என்ற கருவியைச் செய்தார். ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளும் அதில் ஒரே கோப்புக்குள் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு வரியும் எந்தப் பதிப்பில் நுழைந்தது, எதில் நீங்கியது என்ற குறிப்பு உடன் இருக்கும். இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் 1974-இல் யூனிக்ஸோடு வெளிவந்தது. அதுவும் வரிவரியாகத்தான் ஒப்பிட்டது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி 1982-இல் உருவாக்கிய ஆர்சிஎஸ் அண்மைப் பதிப்பை முழுதாக வைத்துக்கொண்டு, பழையவற்றைப் பின்னோக்கிய வேறுபாடுகளாகச் சேமித்தது. அதன் கையேடு, அடிக்கடி திருத்தப்படும் எழுத்துகளுக்கு எடுத்துக்காட்டாக நிரல்களோடு ஆய்வுக் கட்டுரைகளையும் மாதிரிக் கடிதங்களையும் குறிப்பிடுகிறது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. டிக் குரூன் 1986-இல் தொடங்கிய சிவிஎஸ், பலர் சேர்ந்து வேலை செய்ய வழிவகுத்தது.

வலைப்பதிவு வேறு பாதையில் வளர்ந்தது. 1999-இல் வந்த பிளாகரும் 2003-இல் வந்த வேர்ட்பிரஸும் உலாவியில் எழுதித் தரவுத்தளத்தில் சேமிக்கும் முறையைப் பழக்கப்படுத்தின. இடையே ரயல் டோர்ன்ஃபெஸ்ட் பெர்ல் மொழியில் எழுதிய பிளாசம் எதிர்த்திசையில் சென்றது. அதில் ஒரு பதிவு என்பது ஒரு சாதாரண உரைக் கோப்பு, அவ்வளவே. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையே அது பதிவின் தேதியாகக் கொண்டது. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினால்கூடப் பழைய பதிவு புதியதாகிப் பட்டியலின் தலைக்கு ஏறிவிடும். சிறிய குறைபோலத் தெரிந்தாலும், எழுத்தின் காலத்தைக் கோப்பின் காலத்திலிருந்து பிரித்தாக வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

இரு பாதைகளும் சந்தித்த இடமாக நான் கருதுவது அப்போது லினக்ஸ் வழங்கலான டெபியனின் உருவாக்குநராக இருந்த ஜோயி ஹெஸ்ஸின் பணியை. தம் முகப்பு அடைவு முழுவதையும் சிவிஎஸ்ஸில் வைத்திருக்கும் முறையை அவர் 2002-இல் லினக்ஸ் ஜர்னலில் விளக்கினார். 2006-இல் அவர் தொடங்கிய இக்கிவிக்கி, களஞ்சியத்தில் மாற்றம் சேர்ந்தவுடன் உரைக் கோப்புகளை எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றிவிடும். விக்கியாகவும் வலைப்பதிவாகவும் அதைப் பயன்படுத்தலாம். ஜெக்கிலின் மையக் கருத்து இங்கே ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. இக்கிவிக்கிக்கு உரிய இடம் வரலாற்றில் தரப்படாதது வருத்தத்துக்குரியது.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். லினக்ஸ் கருநிரல் உருவாக்குநர்கள் பிட்கீப்பர் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் வாய்ப்பு பறிபோனது உடனடிக் காரணம். கிட் கோப்புகளின் மாறிய நேரத்தைப் பதிந்துவைப்பதில்லை. களஞ்சியத்தைப் படியெடுத்தால் எல்லாக் கோப்புகளும் படியெடுத்த நேரத்தையே காட்டும். பிளாசத்தின் முறை இங்கே அடியோடு செல்லாது. ஜெக்கில் பதிவின் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதவைத்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். 2008 டிசம்பரில் களஞ்சியத்தையே வலைத்தளமாக வெளியிடும் கிட்ஹப் பேஜஸ் சேவை வந்ததும், மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதிந்து (கமிட் செய்து) அனுப்புவதே வெளியிடுவதாயிற்று. பெலிகன், ஹ்யூகோ போன்ற ஒத்த மென்பொருள்கள் பின்தொடர்ந்தன.

அதே 2008-இல் வேர்ட்பிரஸ் 2.6 பதிவுகளின் பழைய வடிவங்களைச் சேமிக்கத் தொடங்கியது. வரலாறு அங்கேயும் உண்டு. ஆனால் அது தரவுத்தளத்துக்குள், பெரும்பாலும் வேறொருவரின் சேவையகத்தில் இருக்கும். வலைப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸ் 2009-இலும் வலைப்பதிவுச் சேவையான போஸ்டரஸ் 2013-இலும் மூடப்பட்டபோது எழுதியவர்கள் கெடுவுக்குள் தம் எழுத்தை மீட்க ஓட வேண்டியிருந்தது. கிட் களஞ்சியங்களுக்கு இடமளித்த கிடோரியஸ் தளம் 2015-இல் மூடப்பட்டபோதோ, களஞ்சியத்தின் படி வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் திருத்த வரலாறு முழுவதும் இருந்தது. ஆய்வாளருக்கு இது பெரும்பேறு: ஆசிரியர் கைப்படவே விட்டுச்செல்லும் பாடவேறுபாடுகள். எச்சரிக்கையும் தேவை. கமிட்டின் தேதியை எழுதுபவர் விரும்பியபடி இடலாம். வரலாற்றையே திருத்தியும் எழுதலாம்.

இனி வரிக்கு வருவோம். பத்தி முழுவதையும் ஒரே நீண்ட வரியாகத் தட்டச்சு செய்பவர் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும், டிஃப் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். ஆகவேதான் பதிவர் பலர் கெர்னிகனின் பழைய அறிவுரைப்படி வரிக்கொரு வாக்கியமாக எழுதுகிறார்கள். ஆனால் எஸ்சிசிஎஸ்ஸிலும் ஆர்சிஎஸ்ஸிலும் வரி சேமிப்பின் அடித்தளம், கிட்டில் அப்படியில்லை. கிட் ஒவ்வொரு பதிப்பையும் முழு வடிவமாகக் கருதி, கேட்கும்போதுதான் வரிவாரி வேறுபாட்டைக் கணக்கிடுகிறது. சேமிப்பில் வரிக்கு இப்போது இடமில்லை; வேறுபாட்டைக் காட்டுவதில் அது ஒரு தேர்வே. சொல்வாரியாக ஒப்பிடும் வசதி கிட்டிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் அதிகமாக வேண்டும்.

தமிழில் எழுதுபவருக்கு வரிக்கும் கீழே இன்னொரு படி உண்டு. கிட் ஒப்பிடுவது பைட்டுகளை. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரு வேறு விசைப்பலகை மென்பொருள்களில் தட்டினால், எதையும் மாற்றாத வரியும் மாறியதாகத் தெரியக்கூடும். தமிழில் பெயரிட்ட கோப்புகளையும் கிட் இயல்பான அமைப்பில் எண்மக் குறிகளாகவே காட்டும். அதன் quotepath அமைப்பை அணைத்தால் பெயர் தமிழில் தெரியும். எழுத்துக்குறிச் சிக்கலுக்கும் தீர்வு உண்டு: கமிட்டுக்கு முன் தானாக ஓடி, கோப்பு முழுவதையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு நிரல் ஒன்றை ஒவ்வொரு தமிழ்ப் பதிவரும் முதல் பதிவை எழுதும்போதே அமைத்துவிட வேண்டும்.