குண்டு விழுந்த இடம் வரை

சாஃப்ட்வேர் ஆபீஸில் எந்தப் புது வேலையும் சும்மா தொடங்காது. முதலில் ஒரு 'கிக் ஆஃப்' மீட்டிங். அப்புறம் எல்லாவற்றையும் 'ஃப்ரம் ஸ்க்ராட்ச்' எழுதப்போகிறோம் என்ற அறிவிப்பு. பழைய கோட் எதுவும் இல்லாத ப்ராஜெக்ட் என்றால் அது 'கிரீன்ஃபீல்ட்'. அதில் சேரத்தான் எல்லோருக்கும் ஆசை. அவசரப்பட்டு முன்னாடியே ஆரம்பிப்பவர் 'ஜம்ப் தி கன்' பண்ணிவிட்டார் என்பார்கள்.

இந்தச் சொற்களுக்கெல்லாம் ஊர், பேர் உண்டு. 'ஸ்க்ராட்ச்' என்பது ஓட்டப்பந்தயத்துக்காகத் தரையில் கீறிய கோடு. வேகம் குறைந்தவர்களைச் சில அடி முன்னால் நிறுத்தும் பந்தயங்களில், சலுகை எதுவும் இல்லாமல் கோட்டிலிருந்தே ஓடுபவர்தான் ஸ்க்ராட்ச்சில் தொடங்குபவர். 'கிளீன் ஸ்லேட்' என்பதைக் கடன் கணக்கு எழுதிய கல்பலகையைத் துடைக்கும் வழக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். 'ஜம்ப் தி கன்'னில் இருப்பது பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியில் குண்டு இருக்காது.

கடலூரில் இருந்தது. இங்கே ஆங்கிலேயர் ஆட்சி நிஜமாகவே பீரங்கி வெடித்துத்தான் ஆரம்பித்தது.

1690இல் செஞ்சியில் இருந்த மராத்திய அரசர் ராஜாராம், முகலாயப் படையின் நெருக்கடியில் இருந்தார். பணம் தேவைப்பட்டது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல். பிற்பாடு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியின் 'ரேண்டம் ஷாட்' எட்டும் தூரம் வரை என்றது ஒப்பந்தம்.

நாம் கோடில் எழுதும் அதே 'ரேண்டம்'தான். ஆனால் அன்றைய பீரங்கிக்காரர்களுக்கு அதன் பொருள் வேறு: குழாயை மேலே தூக்கிவைத்துச் சுட்டால் குண்டு போய் விழும் அதிகபட்ச தூரம். ஆகவே சென்னையிலிருந்து நல்ல பெரிய பீரங்கியாக அனுப்பினார்கள். மிச்சம் சுடுபவரின் சாமர்த்தியம். செப்டம்பர் மாதம் நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை இருந்த ஊர்கள், கடலூர் உட்பட, கம்பெனியுடையதாயின. அவற்றுக்கு 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் நிலைத்தது.

கம்பெனிக்கு அது புதுத் தொடக்கம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது கம்பெனியின் தலைமையிடமே இந்தக் கோட்டைக்கு வந்து 1752 வரை இருந்தது. ஆனால் அந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே நெசவாளர்கள் இருந்தார்கள், மீனவர்கள் இருந்தார்கள், உழுதுகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். காலையில் ஒரு அரசரின் குடிகள், சாயங்காலம் ஒரு கம்பெனியின் குடிகள். ஒப்பந்தத்தில் அவர்கள் இல்லை. தூரம் மட்டும் இருந்தது.

கடலூரிலிருந்து தெற்கே ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் போனால் சிதம்பரம். 'டர்ன் எ நியூ லீஃப்' என்பார்களே, திருந்திப் புது வாழ்வு தொடங்குவதற்கு, அந்த 'லீஃப்' புத்தகத்தின் தாள். சிதம்பரத்திலும் ஒரு ஏட்டுக் கதை உண்டு. தில்லைக் கோயில் அறையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது என்கிறது மரபு. மிஞ்சியதை எடுத்துத் தொகுத்தார்கள். ஓலை சிதையும், சிதையும் முன் புது ஓலையில் பிரதி எடுக்க வேண்டும். இங்கே புது ஏடு என்றாலே அதில் பழசு இருக்கும்.

இதை வைத்து ஆங்கிலம் அழிக்கும் மொழி, தமிழ் காக்கும் மொழி என்று முடித்துவிடலாம். அது பொய். ஊரே புழங்கும் மேய்ச்சல் நிலத்தைப் 'புறம்போக்கு' என்று எழுதிவைக்க நம்மிடமும் சொல் இருக்கிறது. 'தரிசு' இருக்கிறது. 'பொட்டல்' இருக்கிறது. எடுத்துக்கொள்வதற்கு முன்னால் இடத்தைக் காலி என்று சொல்லியாக வேண்டும். எல்லா மொழியும் அந்த உதவியைச் செய்யும்.

'கிரீன்ஃபீல்ட்' என்பதை அப்படியே தமிழில் சொன்னால் பச்சை வயல். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் பச்சை வயலில்தான் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டும் வேலை. நிலம் முன்பே கையகப்படுத்தியாகிவிட்டது என்றது நிறுவனம். நிலத்தில் நெல் நின்றுகொண்டிருந்தது. இரண்டுமே உண்மை. காகிதத்தில் காலியான இடம், தரையில் காலியாக இல்லை. நெல்லோடு சேர்த்துத் தோண்டினார்கள்.

எங்கள் தொழிலில் பழைய சர்வரை நிறுத்தும் முன் ஒரு வேலை உண்டு. லாகை எடுத்து, இதை இன்னும் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம். யாருமே இல்லை என்று நினைத்த இடத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் பேசி, அவகாசம் கொடுத்து, மாற்றிய பிறகுதான் சுவிட்சில் கை வைப்போம். ஒரு சர்வருக்கே இவ்வளவு விசாரணை தேவைப்படுகிறது. கடலூர்க்காரர்களுக்கு 1690இல் கிடைத்த அவகாசம், குண்டு பறந்து வந்து விழுந்த நேரம்.