மோட்டார் மக்கர் பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்.. உங்க மெஷினுக்கு எந்த டெஸ்ட் செட் ஆகும்?

ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட். ஈரப்பதம் காக்கும் பெரிய ஃபேன் திடீரென நின்றுவிட்டால்? நூல் அறுந்துகொண்டே இருக்கும். கூலியும் கரண்ட் பில்லும் மட்டும் நிற்காது.

இப்படி நடக்கும் முன்பே, மெஷின் ஓடும்போதே அதன் அதிர்வு, சூடு, சத்தம், ஆயிலைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் 'கண்டிஷன் மானிட்டரிங்'.

எதை வாங்குவது?

கருவி விலையை விசாரிக்கும் முன், இந்த மெஷின் எப்படிப் பழுதாகும் என்று யோசிங்க. மில் ஃபேன் இறக்கையில் பஞ்சு படிந்தால் பேலன்ஸ் போகும். 1,440 ஆர்பிஎம்மில் சுற்றும் ஃபேன் என்றால் நொடிக்கு 24 முறை அதிரும். இதை வைப்ரேஷன் மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். பேரிங் தேய்மானம், அலைன்மென்ட் கோளாறுக்கும் அதேதான். 15 முதல் 300 கிலோவாட் வரையிலான மெஷின், உறுதியான அடித்தளம் என்றால், அதிர்வு நொடிக்கு 4.5 மி.மீ.-ஐ தாண்டுவது ஆபத்து என்றது 2022 வரை நடைமுறையில் இருந்த ஐஎஸ்ஓ 10816-3. ஆனால் அதற்குக் கீழே இருந்தாலும், போன மாதத்தை விட இரண்டு மடங்கு ஏறியிருந்தால் சும்மா விடக் கூடாது.

அதே ஃபேனின் பேனலில் ஒரு ஒயர் லூஸாக இருந்தால்? எத்தனை ஆயிரம் போட்டு வாங்கிய வைப்ரேஷன் சென்சாரும் வாயே திறக்காது. அங்கே தெர்மல் கேமரா வேணும். இதில்தான் பலரும் கோட்டை விடுறாங்க. கண்ணாடி, அக்ரிலிக் மூடிக்கு வெளியே நின்று படமெடுத்தால் உள்ளே இருக்கும் சூடு தெரியாது. லோடு இல்லாத நேரத்தில் எடுத்தாலும் வேஸ்ட். பளபளக்கும் செம்புப் பட்டை, இருப்பதை விடக் குறைவான சூட்டைக் காட்டும். கரண்ட் ஓடும் பேனலைத் திறப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை, நீங்க கை வைக்காதீங்க.

கியர்பாக்ஸுக்கு ஆயில் டெஸ்ட். இரும்புத் துகள் கூடினால் பல் தேயுதுன்னு அர்த்தம். கம்ப்ரஸர் லைனில் காற்று கசிந்தால் அல்ட்ராசவுண்ட் கருவி பிடிச்சிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கோளாறு முதலில் தெரிவதற்கும் மெஷின் நிற்பதற்கும் இடையே 2 மாதம் இருக்கிறது என்றால், மாதம் ஒருமுறையாவது பார்க்கணும். 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வெறும் சம்பிரதாயம்.

ஸ்பேர் ரெடியா இருக்கும் 1 ஹெச்பி மோட்டாருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஓடட்டும், போனால் மாத்திக்கலாம். பெரிய மோட்டார் ரீவைண்டிங் முடிந்து வந்தால் மட்டும், முதல் நாளே அதிர்வையும் சூட்டையும் அளந்து எழுதி வச்சுக்கோங்க. அடுத்த மாத ரீடிங்கை ஒப்பிட்டுப் பார்க்க அந்த நோட்டு வேணும்.